நான்கு வாரம் அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரி எலெக்டிவ்: போகிறவள் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

தாமிரபரணி_மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் நான்கு வாரம் ஜெனரல் சர்ஜரி எலெக்டிவ் (மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துப் போகும் பயிற்சி) கிடைத்திருக்கிறது. எங்கள் கல்லூரியிலிருந்து இதற்கு முன்பு யாரும் போனதாகத் தெரியவில்லை, கேட்க ஆளில்லை. அம்மா நகையை வைத்துத்தான் டிக்கெட் போட்டோம். அதனால் ஒரு நாள்கூட வீணாகக் கூடாது என்று நினைக்கிறேன்.

என் சந்தேகங்கள்: தடுப்பூசிக் காகிதங்கள் என்னென்ன வேண்டும்? நோயாளியைத் தொட விடுவார்களா, இல்லை மூலையில் நின்று பார்க்க வேண்டியதுதானா? ரவுண்ட்ஸில் (டாக்டர்கள் வார்டைச் சுற்றிவரும்போது) ஆங்கிலத்தில் கேஸ் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு என்ன வழி?

பனிக்கால_ரெசிடென்ட்:
வாழ்த்துகள் தங்கச்சி. நான் இங்கே அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரியில் மூன்றாம் வருட ரெசிடென்ட், அதாவது மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டர். சென்னையில் படித்தவன்.

முதலில் காகிதம். விசா நேர்காணலில் நீ சொல்ல வேண்டியது இதுதான்: "என் மருத்துவப் படிப்பின் ஒரு பகுதியாக, ஊதியம் இல்லாமல், மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் மேற்பார்வையில் எலெக்டிவ் செய்யப் போகிறேன்." பி-1 விசாவில் இதற்கு இடம் உண்டு. உன் டீன் கையெழுத்திட்ட கடிதத்திலும் அங்கிருந்து வந்த அனுமதிக் கடிதத்திலும் தேதிகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்.

அடுத்து தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி போட்டேன் என்று சொன்னால் போதாது, ரத்தத்தில் எதிர்ப்பொருள் 10-க்கு மேல் இருக்கிறது என்ற ரிப்போர்ட் கேட்பார்கள். மூன்று டோஸ் முடிக்க ஆறு மாதம் ஆகும், அதனால் இன்றைக்கே பரிசோதித்துவிடு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, சின்னம்மை எல்லாவற்றுக்கும் அதேபோல ரிப்போர்ட் கேட்கலாம். காசநோய்க்குத் தோல் பரிசோதனை வேண்டாம். நமக்கெல்லாம் பிறந்ததும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோல் தடித்துப் பாசிட்டிவ் என்று வந்துவிடலாம். ஐக்ரா என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள், பி.சி.ஜி. அதைக் குழப்பாது.

தொட விடுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன், வார்டில் கூப்பிடுகிறார்கள்.

கணக்கு_பார்ப்பவன்:
மன்னிக்கவும், நான் வேறு மாதிரி சொல்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு, ஒரு ஏஜென்சி "நேரடிப் பயிற்சி, நீங்களே கேஸ் பார்க்கலாம்" என்று சொன்னதை நம்பிப் பணம் கட்டிப் போனேன். போனால் ஒரு கிளினிக்கில் நாற்காலி. நான்கு வாரமும் டாக்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தியேட்டர் பக்கமே விடவில்லை. கடைசியில் கொடுத்த கடிதம் எல்லோருக்கும் ஒரே அச்சு, பெயர் மட்டும் மாறும். பணம் போனதைவிட, ஊரில் எல்லோரிடமும் "ட்ரெயினிங் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்ததுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக ஒரு ராத்திரி கேஷுவாலிட்டியில் நின்றால் பத்துப் பேருக்குத் தையல் போடலாம். எத்தனை சீழ்க்கட்டி, எத்தனை நீரிழிவுப் புண். அதை விட்டுவிட்டு நகையை வைத்து எதற்கு அங்கே போய் வேடிக்கை பார்க்க வேண்டும்?

பனிக்கால_ரெசிடென்ட்:
உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நீங்கள் போனதும் இவள் போவதும் ஒன்றல்ல, இதைப் படிக்கிற மற்றவர்களும் அந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

பட்டம் வாங்குவதற்கு முன்பு, மாணவராக, மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைக்குப் போவது எலெக்டிவ். அங்கே நீ அணியில் ஒருத்தி. நோயாளியைப் பரிசோதிக்கலாம், ரவுண்ட்ஸில் சொல்லலாம், ஸ்க்ரப் ஆகி (கை கழுவி, கவுனும் கையுறையும் போட்டு) மேசைக்கு வரலாம், மேற்பார்வையில் தோலைத் தைக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு பெரும்பாலும் கிடைப்பது அப்சர்வர்ஷிப், அதாவது கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. பட்டத்துக்குப் பின் "நேரடிப் பயிற்சி" என்று யாராவது விற்றால், எந்த மருத்துவமனை, யார் மேற்பார்வை, எழுத்தில் என்ன அனுமதி என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

இறுதியாண்டு என்ற அந்த ஒரு வருட வாய்ப்பைத்தான் நம் மாணவர்கள் தெரியாமல் தவறவிடுகிறார்கள். ஏ.ஏ.எம்.சி. (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம்) நடத்தும் வி.எஸ்.எல்.ஓ. என்ற எலெக்டிவ் விண்ணப்பத் தளம் வழியாகப் போக, உங்கள் கல்லூரியும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். சேராத கல்லூரி மாணவர்களிடம் நேரடியாக விண்ணப்பம் வாங்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. இவள் அப்படித்தான் போகிறாள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வெளிநாட்டில் படித்தவருக்கு இங்கே ஐந்து வருட ஜெனரல் சர்ஜரி இடம் கிடைப்பது கடினம். பலருக்கு முதலில் ஒரு வருட பிரிலிமினரி இடம்தான் கிடைக்கிறது, அதுவும் அடுத்த வருடம் என்ன ஆகும் என்ற உத்தரவாதம் இல்லாமல். இங்கே மருத்துவராக எழுத வேண்டிய உரிமத் தேர்வுகளில், 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1-இல் மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கும், உன்னோடு வேலை செய்த சர்ஜன் எழுதும் கடிதத்துக்கும் எடை கூடியிருக்கிறது. நான்கு வாரத்தில் ஒருவர் உன்னை உண்மையாகத் தெரிந்துகொண்டால் போதும்.

ஸ்க்ரப்_அக்கா:
தங்கம், நான் நாகர்கோவில். இங்கே பதினெட்டு வருடமாகத் தியேட்டர் நர்ஸ். தியேட்டரைப் பற்றி அக்கா சொல்கிறேன், கேட்டுக்கொள்.

காலையில் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே வந்துவிடு. சர்க்குலேட்டிங் நர்ஸிடம் (ஸ்க்ரப் ஆகாமல் அறையைக் கவனிப்பவர்) போய், "நான் மாணவி, இன்ன நாட்டிலிருந்து வந்திருக்கிறேன், இந்தக் கேஸுக்கு ஸ்க்ரப் ஆகலாமா?" என்று கேள். சுவரில் இருக்கும் பலகையில் உன் பெயரை எழுது. உன் கையுறை அளவு உனக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முந்தின நாளே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்கு 6 அல்லது 6.5 சரியாக இருக்கும். இரட்டைக் கையுறை போடுகிற இடத்தில் உள்ளே அரை அளவு பெரிதாகப் போடுவது வழக்கம். உன் கவுனையும் இரண்டு ஜோடிக் கையுறையையும் நீயே எடுத்துவந்து ஸ்க்ரப் நர்ஸிடம் கொடு. பாக்கெட்டை நீயாகப் பிரித்து மேசைமேல் போடாதே, காட்டிவிட்டுக் கேள். இதைச் செய்கிற மாணவியை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம்.

கை கழுவி உள்ளே வந்த பிறகு, மார்புக்கும் மேசை உயரத்துக்கும் இடையில்தான் உன் கைகள் இருக்க வேண்டும். கவுனின் முதுகுப் பக்கம் சுத்தம் என்று நினைக்காதே. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் விரித்த நீலத் துணியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நில். கை எதிலாவது பட்டுவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், உடனே சொல். ஒரு மாணவன் முகக் கவசத்தைத் தொட்டுவிட்டு யாருக்கும் தெரியாது என்று நின்றான். நான் பார்த்துவிட்டேன். கையுறை மாற்ற அரை நிமிடம்தான் ஆகும். அதைச் சொல்லாமல் நின்றதற்காகத்தான் அன்றைக்கு முழுவதும் அவனை மேசைக்கு அருகில் விடவில்லை.

ஊசி குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதே. விலகி வந்து சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவு, உடனே சொல். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்கு அப்புறம் பிரயோஜனம் இல்லை.

தலை சுற்றினால் மேசையை விட்டுப் பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிடு. யாரும் கோபிக்கமாட்டார்கள். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வா, வெறும் காபி வேண்டாம்.

ரப்பர் கையுறையே ஒரு தியேட்டர் நர்ஸுக்காக வந்ததுதான், தெரியுமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1889-90 வாக்கில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கை கிருமிநாசினி பட்டு வெந்துபோனது என்று, சர்ஜன் ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனியில் சொல்லி மெல்லிய கையுறை செய்துகொடுத்தார். எங்கள் கூட்டத்துக்கு அதில் பெருமை உண்டு.

தாமிரபரணி_மாணவி:
அக்கா, கண் கலங்கிவிட்டது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. கையுறை அளவு எனக்கு உண்மையாகவே தெரியாது. இங்கே கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்வோம்.

ஓய்வு_வாத்தியார்:
முப்பத்தோரு வருடம் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் சர்ஜரி சொல்லிக்கொடுத்தவன். கணக்கு_பார்ப்பவன் தம்பி சொன்னதில் பாதி உண்மை. குடல் துளை விழுந்து வயிறு பலகையாக இறுகிப்போன நோயாளியை நம் பிள்ளைகள் பார்த்த அளவுக்கு அங்குள்ள பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள். கையால் தொட்டு வயிற்றைப் படிக்கும் பழக்கம் உனக்கு இருக்கும் அம்மா, அதைத் தாழ்வாக நினைக்காதே.

ஆனால் நம்மிடம் ஒரு குறை இருக்கிறது. நம் மாணவன் நோயைப் பார்க்கிறான், நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பதில்லை. திங்கட்கிழமை ஓ.பி.யில் பார்த்தவர், புதன்கிழமை மேசையில் கிடப்பவர், வெள்ளிக்கிழமை வார்டில் முனகுபவர், மூவரும் ஒருவரே என்பது அவனுக்குத் தெரியாது. கூட்டம் அப்படி. எண்பது படுக்கை, தரையில் இருபது பேர். நான்கு வாரத்தில் நீ அங்கே கற்க வேண்டியது இதைத்தான். மூன்றே மூன்று நோயாளிகளை எடுத்துக்கொள். கிளினிக்கிலிருந்து டிஸ்சார்ஜ் வரை அவர்களை விடாதே. கத்தி பிடிப்பதை நான் இங்கேயே உனக்குக் கற்றுத்தர முடியும்.

பழக்கங்களும் மாறியிருக்கும். குடல் சத்தம் கேட்டால்தான் வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று நான் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். 1990-களில் டென்மார்க்கின் சர்ஜன் கெலெட், சீக்கிரம் எழுப்பி நடக்கவிடு, சீக்கிரம் சாப்பிடக் கொடு என்று காட்டினார். அங்கே பல இடங்களில் குடலை வெட்டி இணைத்த மறுநாளே நோயாளி கஞ்சி குடிப்பதைப் பார்ப்பாய். ஏன் என்று கேள், படித்துவிட்டுக் கேள்.

சீட்டை வெட்டும் முன் எல்லோரும் கையை நிறுத்தி, பெயர், பொறுப்பு, நோயாளி, அறுவை, எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்துப் பார்த்ததில் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு வந்தது, சிக்கல்கள் 11-லிருந்து 7-க்கு இறங்கின. உன் முறை வரும்போது உன் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி சொல். தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் பேசும் தைரியம் அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஓய்வு_வாத்தியார்:
மேலே "சீட்டை" என்று விழுந்துவிட்டது. "தோலை வெட்டும் முன்" என்று படிக்கவும். கண்ணாடி மாற்ற வேண்டும்.

பாலைக்காடு_யாழ்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் முடித்து, இப்ப இங்கிலாந்தில் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருக்கிறன். மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கட வார்டுக்கும் வெளிநாட்டு மாணவர்கள் வருவார்கள். ஜெர்மன் மாணவர்களுக்குக் கடைசி வருடத்தில் பதினாறு வாரம் சத்திரசிகிச்சை கட்டாயம், அதில் ஒரு பகுதியைச் சிலர் வெளிநாட்டில் செய்வார்கள்.

நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு முதல் நாளிலிருந்தே சத்திரசிகிச்சைக் கூடம்தான் வேண்டும். வார்டில் நிற்கமாட்டார். மற்றவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் விடிய ஆறு மணிக்கு வந்து ஒவ்வொரு கட்டிலாகப் போய், வடிகுழாய்ப் போத்தலில் எவ்வளவு, என்ன நிறம் என்று சின்னக் கொப்பியில் எழுதுவார். "நோகுதா?" என்ற ஒரு சொல்லைத் தாதியிடம் கேட்டுப் பழகினார். ஒரு நாள் ஐயா ஒருவரின் போத்தலில் நேற்று வெளிறிய சிவப்பு, இன்று பச்சை கலந்த மஞ்சள் என்று எங்களுக்கு முதலில் காட்டியது அவர்தான். பித்தம் கசிகிறது. பின்னேரத்துக்கு முன்பே ஸ்கேன் செய்து தேவையான சிகிச்சையைத் தொடங்கிவிட்டோம்.

அவர் போகும்போது எங்கட கன்சல்டன்ட் தானாகவே கடிதம் எழுதிக் கொடுத்தார். முதலாமவர் கேட்டு வாங்கினார். உங்கட மொழிப் பயத்துக்கு என்னுடைய பதில் இதுதான், தங்கச்சி.

தாமிரபரணி_மாணவி:
வாத்தியார் ஐயா, யாழ் அண்ணா, இருவருக்கும் நன்றி. அந்தப் போத்தல் விஷயத்தை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ரெசிடென்ட் அண்ணா, ரவுண்ட்ஸில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதிரி காட்டுவீர்களா?

பனிக்கால_ரெசிடென்ட்:
ரவுண்ட்ஸ் ஆறு மணிக்கு என்றால் நீ ஐந்துக்கு முன்பே வார்டில் இருக்க வேண்டும். முதல் நாள் எது எங்கே என்று தேடவே அரை மணி நேரம் போகும். முதலில் இரவு நர்ஸிடம் போ. கம்ப்யூட்டரில் இருப்பது எண், நடந்தது அவருக்குத்தான் தெரியும்.

ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம். வரிசை மாறக் கூடாது. தமிழில் எழுதுகிறேன், நீ ஆங்கிலத்தில் பழகிக்கொள்:

"வலப்பக்கப் பெருங்குடல் நீக்கத்துக்குப் பின் இரண்டாம் நாள். இரவில் பிரச்சினை இல்லை. வலி மாத்திரையில் அடங்குகிறது. குமட்டல் இல்லை. காற்று இன்னும் பிரியவில்லை. காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு 88. சிறுநீர் மணிக்கு 40 மில்லி. வயிறு மிருதுவாக இருக்கிறது, காயம் சுத்தம். இன்றைக்குத் திட்டம்: சிறுநீர்க் குழாயை எடுப்பது, மூன்று முறை நடக்கவைப்பது, ரத்தம் உறையாமலிருக்க ஊசியைத் தொடர்வது."

சிறுநீர் 40 போதுமா என்று கேட்பார்கள். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, 70 கிலோ ஆளுக்கு 35. கணக்கு உன் விரல்நுனியில் இருக்கட்டும். திட்டத்தை நீயே சொல், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அதைத் திருத்தும்போதுதான் கற்றுக்கொடுக்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல். பார்க்காத எண்ணைப் பார்த்த மாதிரிச் சொன்னால், அதற்கப்புறம் நீ சொல்லும் எதையும் நாங்கள் நம்பமாட்டோம்.

பித்தப்பை லேப்ராஸ்கோப்பியில் உன் கையில் கேமரா வரும். முப்பது டிகிரி லென்ஸ் என்றால், கேமராத் தலை நேராகவே இருக்கட்டும், ஒளிக் கேபிளை மட்டும் திருப்பு. கேபிள் மேலே நின்றால் லென்ஸ் கீழே பார்க்கும், வலப்பக்கம் போனால் இடப்பக்கம் பார்க்கும். சர்ஜனின் கருவி நுனி எப்போதும் திரையின் நடுவில் இருக்கட்டும். ஓரிடத்தில் அவர் கையை நிறுத்துவார். 1995-இல் சர்ஜன் ஸ்ட்ராஸ்பெர்க் எழுதிய மூன்று நிபந்தனைகள் அங்கேதான் வருகின்றன: பித்தப்பைக் குழாய்க்கும் ஈரலுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நார்த் திசுவும் நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் அடிப்பகுதி ஈரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பைக்குள் போவது இரண்டே குழாய்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு முன்பு எதையும் கிளிப் செய்யக் கூடாது. பொதுப் பித்தநாளத்தைத் தவறுதலாக வெட்டினால் அந்த நோயாளியின் மீதி வாழ்க்கையே மாறிவிடும். அந்த நிமிடத்தில் கேமரா ஆடாமல் நின்றால், அன்று நீ மேசையில் வேடிக்கை பார்த்தவள் அல்ல.

முடிச்சு தினமும் பழகு. இரண்டு கை, ஒரு கை, கருவி முடிச்சு. கதவுக் கைப்பிடியில் நூலைக் கட்டி, இரண்டு கைக்கும் பழக்கம் வரும்வரை போடு. படிப்பதற்கு டைவர்டிகுலைட்டிஸை (பெருங்குடல் சுவரில் பிதுங்கும் சிறு பைகளின் அழற்சி) எடுத்துக்கொள், நம் ஊரில் அதிகம் பார்த்திருக்கமாட்டாய், இங்கே இடப்பக்கப் பெருங்குடலில் வாரா வாரம் வரும். அதன் தீவிரத்தைப் பிரிக்கும் ஹின்சி வகைப்பாடு கேட்பார்கள்.

ஸ்க்ரப்_அக்கா:
நூல் வெட்டச் சொன்னால் கத்தரி நுனியால் மட்டும் வெட்டு, நுனி எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்த்துவிட்டு. பட்டு நூலென்றால் குட்டையாக, நைலான் மாதிரி வழுக்கும் நூலென்றால் கொஞ்சம் நீளம் விட்டு.

இன்னொன்று. மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு பெல்விக் பரிசோதனை (பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உட்பரிசோதனை) செய்து பழகச் சொன்னால், நோயாளி சம்மதம் கொடுத்திருக்கிறாரா என்று கேட்காமல் கையை வைக்காதே. மாணவர்கள் செய்யும் இப்படிப்பட்ட பரிசோதனைக்கு முன்கூட்டியே சம்மதம் வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இங்கே மத்திய அரசே தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் துணிக்குக் கீழே இருப்பவர் ஒரு அம்மா, ஒரு தங்கை.

ஓய்வு_வாத்தியார்:
அந்த அம்மா சொன்னதை நம் ஊரிலும் செய்ய வேண்டும். போட்டோவும் வேண்டாம், நோயாளியை அடையாளம் தெரியும்படி இங்கே எழுதவும் வேண்டாம்.

கணக்கு_பார்ப்பவன்:
படிக்கும்போதே கண்டிப்பாகப் போ என்று எனக்கு இறுதியாண்டில் யாராவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, ஏஜென்சிக்காரர்களை நம்பாதீர்கள். ஆனால் இவள் போகட்டும். ஸ்டெப் 2-க்குப் படித்த குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன தங்கச்சி, வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

தாமிரபரணி_மாணவி:
ஆறு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். முதல் வாரம் முடிந்தது. நோயாளி யார், எந்த அறை என்று சொல்லமாட்டேன் ஐயா.

திங்கட்கிழமை ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. செவ்வாய் தியேட்டரில் என் பெயரைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது, ஒரு நர்ஸ் "இன்னொரு முறை சொல்லும்மா" என்பதுபோலத் தலையை ஆட்டினார், திரும்பச் சொன்னேன். என் கையுறை 6.

எனக்குக் கொடுத்த மூன்று பேரில் ஒருவருக்கு, டைவர்டிகுலைட்டிஸ் வெடித்து, குடலின் ஒரு துண்டை எடுத்துவிட்டு வயிற்றில் மலப் பை வைத்திருந்தார்கள். நான்கு நாளாகக் குடல் அசையவில்லை, மூக்கில் குழாய். வியாழன் காலை நாலே முக்காலுக்குப் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வையை மெல்ல விலக்கிப் பார்த்தால், பை பலூன் மாதிரி உப்பியிருந்தது. நர்ஸிடம் ஓடிக் கேட்டேன், மூன்று மணிக்குப் பார்த்தபோது தட்டையாக இருந்ததாம். குழாய் வழியாக வந்ததும் குறைந்திருந்தது.

ரவுண்ட்ஸில் சொன்னேன். "பையில் காற்று வந்திருக்கிறது, குடல் அசையத் தொடங்கிவிட்டது, குழாயை எடுத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்." சீஃப் ரெசிடென்ட் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படியே செய்யச் சொன்னார். குழாயை என்னையே எடுக்கச் சொன்னார், பக்கத்தில் நின்றுகொண்டு.

மத்தியானம் போனேன். அந்தத் தாத்தா ஆப்பிள் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்க்ரப்_அக்கா:
இதை அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லு. அப்புறம் சாப்பிட்டாயா?